ஊக்கம் எங்கிருந்து வருகிறது?

(தொழிற்சங்கக் கிளை ஊழியர்களுக்கான வகுப்பில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு குற்றச்சாட்டைப் பற்றி. "தொழிலாளிக்குச் சம்பளத்தில்தான் அக்கறை, வேலையில் அக்கறை இல்லை" என்பதே அந்தக் குற்றச்சாட்டு. முதலாளிகள் தங்கள் சங்கக் கூட்டங்களிலே இதைச் சொல்கிறார்கள். பேச்சுவார்த்தைக்கு நாம் போய் உட்கார்ந்தால், கோரிக்கைத் தாளைப் பிரிப்பதற்கு முன்பே மானேஜர் இதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்.

இதற்கு வைத்தியமும் அவர்களே வைத்திருக்கிறார்கள். ஆலைச் சுவரிலே நல்ல வாசகங்கள் எழுதிப் போடுகிறார்கள். மாதத்தின் சிறந்த தொழிலாளி என்று ஒருவர் படத்தை மாட்டுகிறார்கள். வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்துவந்து, ஒரு மணி நேரம் பேசவைத்து, எல்லோரையும் கைதட்டச் சொல்கிறார்கள். மறுநாள் ஷிப்டுக்குப் போனால் அதே வெக்கை, அதே தூசி, அதே வேலைப்பளு.

நமது தோழர்கள் சிலர் இதற்குச் சொல்லும் பதிலும் சரியில்லை. "அக்கறை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? நமக்கு வேண்டியது சம்பளம். உற்பத்தி முதலாளி பாடு" என்கிறார்கள். அப்படி விட்டுவிட முடியாது. நாம் நூற்ற நூலில் நெய்த துணியை உடுத்துபவர்கள் நம்மைப் போன்ற ஜனங்கள். நாம் பழுது பார்த்த பஸ்ஸில் ஏறுவது நம் பிள்ளைகள். நல்ல வேலை செய்வதில் தொழிலாளிக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. அந்தக் கௌரவத்தைக் கொல்வது யார் என்பதுதான் கேள்வி. அதற்கான விடையை முதலாளிகளின் சொந்த அனுபவத்திலிருந்தே எடுத்துக் காட்ட முடியும்.

இரண்டு பழமொழிகள்

பழைய காலத்து முதலாளி "அடியாத மாடு படியாது" என்றார். மேஸ்திரியின் வசவு, அபராதம், கேட்டுக்கு வெளியே நிறுத்துவது எல்லாம் அந்தப் பழமொழியின் குட்டிகள். இந்தக் காலத்து முதலாளி கொஞ்சம் படித்தவர். "பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற" என்கிறார். பரிசும் பாராட்டும் கைதட்டலும் அந்தப் பாட்டுத்தான். இரண்டு பேருக்கும் தொழிலாளி ஒரு மாடுதான். தீனியைப் பற்றியோ, தொழுவத்தைப் பற்றியோ, கறந்த பால் எங்கே போகிறது என்பதைப் பற்றியோ இரண்டு பழமொழியிலும் பேச்சே இல்லை.

தொழிலாளி விற்பது தன் உழைப்புச் சக்தியை. எட்டு மணி நேரத்துக்கு அதை விற்றுவிட்டு உள்ளே போகிறான். ஆனால் அந்த எட்டு மணி நேரத்தில் எவ்வளவு வேலை வெளிவரும் என்பது வாங்கும்போது முடிவாவதில்லை. அது மெஷின் பக்கத்தில்தான் முடிவாகிறது. வயிறு நிறைந்திருக்கிறதா, உடம்பு தாங்குகிறதா, நாளை வேலை நிலைக்குமா, கூடுதலாக உழைத்தால் அது நமக்கு வருமா அல்லது நம் தலையிலேயே விழுமா — இவைதான் அதை முடிவு செய்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் வயிறு

1957-ம் ஆண்டு ஜூலையில் 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. அரசாங்கம், முதலாளிகள், தொழிலாளிகள் மூன்று தரப்பும் அதில் இருந்தன. குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று மூன்று தரப்பும் சேர்ந்து ஒரு அளவுகோலை ஒப்புக்கொண்டன. வயது வந்த ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு, சில்லறைச் செலவுக்கு 20 சதவீதம். 1991-ல் சுப்ரீம் கோர்ட் பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், முதுமை, கல்யாணம் போன்றவற்றுக்காக இன்னும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இது ஆடம்பரக் கணக்கு அல்ல. மெஷினுக்கு எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்று பார்ப்பதைப் போன்ற கணக்கு. எண்ணெய் விடாமல் மெஷினை ஓட்டிவிட்டு, மெஷினுக்கு அக்கறை இல்லை என்று எந்த மானேஜரும் சொல்வதில்லை. மனிதன் விஷயத்தில் மட்டும் சொல்கிறார்கள்.

கூலியை உயர்த்தினால் தொழில் படுத்துவிடும் என்பது அவர்களுடைய நிரந்தரப் பாட்டு. அமெரிக்காவில் ஹென்றி போர்டின் கார்த் தொழிற்சாலையில் நடந்ததைப் பாருங்கள். 1913-ல் அங்கே கார்கள் நகரும் வரிசையில் வைத்து இணைக்கப்பட்டன. காரின் அடிச்சட்டத்தை இணைக்கப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது, ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. ஆனால் மனிதர்கள் நிற்கவில்லை. ஒரே திருகாணியை நாள் முழுதும் முடுக்கும் வேலையை வெறுத்து ஓடினார்கள். சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருப்பதற்காக அந்த ஒரு வருஷத்தில் 50,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. தினசரி பத்தில் ஒருவர் வரவில்லை.

1914 ஜனவரியில் போர்டு வேலை நேரத்தை ஒன்பதிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தார். நாளொன்றுக்கு 2 டாலர் 34 சென்ட்டாக இருந்த கூலியை 5 டாலராக அறிவித்தார். இரண்டு மடங்குக்கும் மேல்! ஓட்டம் நின்றது. உற்பத்தி பெருகியது. லாபமும் பெருகியது. செலவைக் குறைக்கத் தாம் எடுத்த சிறந்த நடவடிக்கைகளில் இது ஒன்று என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். தர்மத்துக்காகக் கொடுக்கவில்லை; கணக்குப் பார்த்துத்தான் கொடுத்தார்.

கதை அதோடு முடியவில்லை. அந்த 5 டாலரில் சுமார் பாதி, "லாபப் பங்கு" என்ற பெயரில் நிபந்தனையோடு வந்தது. தொழிலாளி குடிக்கிறானா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறானா என்று பார்ப்பதற்குக் கம்பெனி ஒரு தனி இலாகா வைத்தது. அதன் ஆட்கள் வீட்டுக்குள்ளே வந்து விசாரித்தார்கள். வரிசையின் வேகத்தைப் பற்றிப் பேசத் தொழிலாளிக்கு உரிமையில்லை. அந்த உரிமை ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1941-ல் சங்க ஒப்பந்தத்தின் மூலம்தான் வந்தது. நல்ல கூலி ஆளை நிறுத்திவைக்கும். ஆனால் அவனைச் சுதந்திர மனிதனாக்க அது மட்டும் போதாது.

இன்று நமது ஆலைகளில் பயிற்சியாளர், பதிலி, ஒப்பந்தம் என்று மூன்று நான்கு பெயர்களில் ஆள் எடுக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலைக்குப் பாதிச் சம்பளம். கை பழகுவதற்குள் ஆள் போய்விடுகிறான். அப்புறம் "திறமையான ஆள் கிடைப்பதில்லை" என்று புலம்புகிறார்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் எப்படி?

இரண்டாவது நேரம்

இங்கிலாந்தில் பிரஸ்டன் நகரத்தில் இரண்டு பெரிய பஞ்சாலைகள். அவற்றின் முதலாளி 1844 ஏப்ரல் 20 முதல் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியிலிருந்து பதினொன்றாகக் குறைத்தார். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். அதே உற்பத்தி, அதே செலவு. தொழிலாளிகள் பன்னிரண்டு மணியில் சம்பாதித்ததைப் பதினொரு மணியில் சம்பாதித்திருந்தார்கள். மார்க்ஸ் தமது "மூலதனம்" நூலில் இதை எடுத்துக் காட்டுகிறார்.

ஜெர்மனியில் ஜேனா நகரத்து ஸைஸ் லென்ஸ் தொழிற்சாலையை நடத்தியவர் எர்ன்ஸ்ட் அபே என்ற விஞ்ஞானி. 1900-ல் அவர் ஒன்பது மணியை எட்டாகக் குறைத்தார். பீஸ் ரேட்டில் வேலை செய்த 233 பேரின் கணக்கை முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கான உற்பத்தி 16 சதவீதம் கூடியிருந்தது. இழந்த ஒரு மணியை ஈடுகட்டப் பன்னிரண்டரை சதவீதம் போதும். அதாவது எட்டு மணியில், ஒன்பது மணியில் செய்ததைவிட அதிகமாகவே செய்தார்கள். களைத்த உடம்பு கடைசி மணியில் செய்வது பாதி வேலை; அதிலும் தவறும் விபத்தும் ஜாஸ்தி.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. பிரஸ்டன் உதாரணத்திலிருந்து மார்க்ஸ் எடுத்த முடிவு முதலாளிக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் அல்ல. நேரம் குறைந்தபோது ஒவ்வொரு மணியும் இறுகியது. தொழிலாளி இடைவிடாமல் கூடுதல் சக்தியைச் செலவழித்தான் என்பதே அவர் காட்டுவது. ஆகவே நேரத்தை மட்டும் பேசி, வேலைப்பளுவைப் பேசாமல் விட்டால், ஒரு கையில் வாங்கியதை மறு கையால் பிடுங்கிவிடுவார்கள். இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

சென்னையில் 1918-ல் சங்கம் பிறந்த வரலாறு உங்களுக்குத் தெரியும். பெரம்பூர் பஞ்சாலைத் தொழிலாளிகளின் முக்கியக் குறைகளில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொடுத்த நேரம் போதாது என்பது. ஓடிப்போய்ச் சாப்பிட்டு ஓடி வருவதற்குள் கேட்டை மூடிவிடுவார்கள். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த மனோபாவம் போகவில்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில், ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. "வாரத்துக்கு 48 மணிதானே, நான்கு நாளில் முடித்துவிட்டு மூன்று நாள் ஓய்வெடுங்கள்" என்று இனிப்புத் தடவினார்கள். பன்னிரண்டு மணி நின்றுவிட்டு, போக வர இரண்டு மணி பஸ்ஸில் உட்கார்ந்து வரும் பெண், சோறாக்குவது எப்போது, தூங்குவது எப்போது? எல்லாச் சங்கங்களும் சேர்ந்து எதிர்த்தன. அந்த வருஷம் மே தினத்தன்று மசோதா வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். ஒற்றுமைக்கு அது நல்ல உதாரணம்.

மூன்றாவது வேலை செய்யும் இடம்

நூற்பாலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இழை அறுந்துகொண்டே இருந்தால் சைடரைத் திட்டுகிறார்கள். இழை ஏன் அறுகிறது? மட்டமான பஞ்சைக் கலந்தால் அறுகிறது. காற்றில் ஈரப்பதம் குறைந்தால் அறுகிறது. தேய்ந்த பாகத்தை மாற்றாவிட்டால் அறுகிறது. தாங்காத வேகத்தில் ஓட்டினால் அறுகிறது. இவற்றில் எது சைடரின் கையில் இருக்கிறது? ஒன்றும் இல்லை. அவள் செய்யக்கூடியது ஓடி ஓடி இழையைப் பிணைப்பது ஒன்றுதான். அறுப்பு இரண்டு மடங்கானால் அவள் நடையும் இரண்டு மடங்கு. பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போய், வருஷக்கணக்கில் மூச்சு வாங்கும் நோயாகிறது. இதற்குப் பெயர் அக்கறைக் குறைவா?

துணிக்கடைகளில் வேலை செய்யும் பெண்களைப் பாருங்கள். காலை முதல் இரவு வரை நின்றே தீர வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக்கூடாது. கால் வீங்கி, நரம்பு புடைத்து, இடுப்பு ஒடிகிறது. கேரளத்தில் பெண்கள் போராடியதன் பலனாக 2018-ல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021-ல், கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும் என்பதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது! சட்டம் வந்தும் ஸ்டூல் வராத கடைகள் இருக்கின்றன. நின்று நின்று நொந்தவள் சிரித்த முகத்தோடு சேலை காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

வேலை நிலைமை என்பது கேட்டுக்கு உள்ளே மட்டும் இல்லை. 2021 டிசம்பரில், ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளிகள் தங்கியிருந்த விடுதியில் உணவு விஷமாகி நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள். தோழிகளின் கதி என்ன என்று தெரியாமல் பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். உலகத்துக்கெல்லாம் போன் செய்யும் ஆலை வாரக்கணக்கில் நின்றது, ஜனவரியில்தான் திறந்தது. சோற்றில் மிச்சம் பிடித்தவர்கள் உற்பத்தியில் எவ்வளவு இழந்தார்கள்!

நான்காவது பயம்

எல்லாவற்றிலும் முக்கியமான இடத்துக்கு இப்போது வருகிறோம். கூலி, நேரம், இடம் மூன்றும் ஓரளவு சரியாக இருந்தும், தொழிலாளி ஒரு அளவுக்கு மேல் செய்யமாட்டேன் என்று கையைப் பிடித்துக்கொள்கிறானே, அது ஏன்?

அமெரிக்காவில் சிகாகோ நகரத்தை ஒட்டி ஹாதார்ன் என்ற டெலிபோன் கருவித் தொழிற்சாலை இருந்தது. 1924 முதல் 1932 வரை அங்கே பல பரிசோதனைகள் நடத்தினார்கள். ஐந்து பெண்களைத் தனி அறையில் வைத்து, இடைவேளை கொடுத்து, நேரம் குறைத்துப் பார்த்தார்கள். உற்பத்தி ஏறியது. "தங்களைக் கவனிக்கிறார்கள் என்ற மகிழ்ச்சியால் ஏறியது" என்று நிர்வாகப் பாடப் புத்தகங்கள் எழுதின. பாடிக் கறக்கும் வித்தைக்கு அதுவே வேதமாயிற்று. ஆனால் ஒரு விஷயத்தை அந்தப் புத்தகங்கள் அழுத்திச் சொல்வதில்லை. முன்பு பெரிய கூட்டத்தின் மொத்த உற்பத்தியை வைத்துக் கூலி கணக்கிட்டார்கள். தனி அறையில் இந்த ஐந்து பேரின் உற்பத்தியை மட்டும் வைத்துக் கணக்கிட்டார்கள். கூடுதலாக உழைத்தது அவரவர் சம்பளக் கவரில் தெரிந்தது. ஒத்துழைக்கவில்லை என்று இரண்டு பெண்களை நடுவிலே மாற்றியும் விட்டார்கள்.

அதே தொழிற்சாலையில் 1931, 1932-ல் இன்னொரு அறை. பதினான்கு ஆண்கள். அங்கே உற்பத்தி ஏறவேயில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களே ஒரு அளவு வைத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் ஓடுபவனைக் கேலி செய்து நிறுத்தினார்கள். ஏன்? உற்பத்தி ஏறினால் ரேட்டைக் குறைப்பார்கள், இல்லாவிட்டால் ஆளைக் குறைப்பார்கள் என்ற பயம். "அறியாமை" என்றார்கள் நிபுணர்கள். 1932-ல் வேலை இல்லை என்று அந்த அறையையே மூட வேண்டியதாயிற்று! யாருடைய கணக்கு சரி?

அந்தப் பயம் காரணமில்லாமல் வந்தது அல்ல. 1899-ல் பெத்லகேம் இரும்பு ஆலையில் டெய்லர் என்ற நிபுணர், இரும்புப் பாளம் சுமப்பவர்களின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளந்தார். நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் சுமந்தவனை 47 டன்னுக்கு மேல் சுமக்கவைத்ததாக அவரே பெருமையோடு எழுதினார். கூலி 1 டாலர் 15 சென்ட்டிலிருந்து 1 டாலர் 85 சென்ட் ஆயிற்று. சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். இந்தக் கணக்கைப் பார்த்த தொழிலாளி, உற்பத்தி என்றவுடன் ஏன் சந்தேகப்பட மாட்டான்?

இந்த விதி எங்கும் பொருந்தும். சோவியத் நாட்டில் 1935-ல் ஸ்டகானோவ் என்ற சுரங்கத் தொழிலாளி, உதவியாட்களோடு ஒரே ஷிப்டில் 102 டன் நிலக்கரி வெட்டினார். நிர்ணயித்த அளவு 7 டன். நாடெங்கும் அந்த உற்சாகம் பரவியது. 1936-ல் பல தொழில்களில் அளவை உயர்த்திய உடனே, சக தொழிலாளிகளிடம் முணுமுணுப்பும் எழுந்தது. சாதனையை அளவாக்கினால், சாதித்தவன் மேலேயே கோபம் வரும். நாம் இதை மறைக்க வேண்டியதில்லை, கற்றுக்கொள்ள வேண்டும்.

தன் கையில் இருந்தால்

பயம் நீங்கிய இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1950-களில் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடி, ஊழியர்களை வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தது. தோழர் ஏ. கே. கோபாலன், "நீங்களே எடுத்து நடத்துங்கள்" என்றார். சப்ளையர்களும் சமையல்காரர்களும் தங்கள் கையிலிருந்த சிறு பணத்தைப் போட்டுக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 1957-ல் பெங்களூரில் முதல் சங்கம்; 1958-ல் திருச்சூரில் கேரளத்தின் முதல் காபி ஹவுஸ். கண்காணிக்க முதலாளி இல்லாவிட்டால் கடை உருப்படுமா என்று கேட்டார்கள். அறுபது வருஷங்களுக்கு மேலாகியும் விசிறி வைத்த தலைப்பாகையோடு அவர்கள் காபி கொண்டுவந்து வைக்கிறார்கள். கஷ்டங்கள் இல்லாமல் இல்லை. மூடிய கிளைகளும் உண்டு. ஆனால் அந்த ஊழியர்களுக்கு ஊக்கம் கற்பிக்க வெளியூர்ப் பேச்சாளர் தேவைப்படவில்லை.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, மானேஜர் அடுத்த முறை "அக்கறை இல்லை" என்று ஆரம்பிக்கும்போது நாம் கோபப்பட வேண்டாம். "நல்ல விஷயம், அதைப் பற்றியே பேசுவோம்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு நான்கு விஷயங்களை மேஜைமேல் வையுங்கள்.

ஒன்று, வேலைப்பளுவை நிர்வாகமும் சங்கமும் சேர்ந்து அளக்க வேண்டும். அளந்ததை எழுத்தில் வைக்க வேண்டும். இரண்டு, மெஷினோ முறையோ மாறாதவரை, உற்பத்தி கூடியதைக் காரணம் காட்டி ரேட்டையோ ஆளையோ குறைக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து வேண்டும். மூன்று, ஒரே வேலைக்கு ஒரே கூலி. அரசாங்கத்தின் தற்காலிக ஊழியர்கள் வழக்கில் 2016-ல் சுப்ரீம் கோர்ட் இதை வலியுறுத்தியிருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியை விட்டுவிட்டு நாம் தனியே கோரிக்கை வைக்கக்கூடாது. நான்கு, வெக்கை, தூசி, குடிநீர், கழிப்பிடம், இருக்கை, விடுதிச் சோறு ஆகியவற்றைப் பார்க்கத் தொழிலாளிகள் தேர்ந்தெடுத்த கமிட்டி.

இதற்கு வெறும் கோஷம் போதாது. ஒவ்வொரு டிபார்ட்மெண்டிலும் ஒரு தோழர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் எந்தப் பஞ்சு வந்தது, இழை எத்தனை முறை அறுந்தது, உஷ்ணம் எவ்வளவு, எந்த மெஷின் எத்தனை நாளாகப் பழுது என்று குறித்து வையுங்கள். மூன்று மாதக் குறிப்பு கையில் இருந்தால், "தொழிலாளி சோம்பேறி" என்ற வாதம் மேஜைக்கு முன்னால் நிற்காது. கூடவே, வேண்டுமென்றே வேலையைக் கெடுப்பவனுக்கு நாம் வக்கீலாக நிற்கவும் வேண்டாம். நம் வேலை சுத்தமாக இருந்தால் நம் வார்த்தைக்குக் கனம் கூடும்.

ஊக்கம் என்பது மேடையிலிருந்து தூவும் பன்னீர் அல்ல. நியாயமான கூலி, தாங்கக்கூடிய நேரம், மனிதன் நிற்கக்கூடிய இடம், உழைத்தது தனக்கு எதிராகத் திரும்பாது என்ற உத்தரவாதம் — இந்த நான்கும் சேர்ந்த இடத்தில் அது தானாக முளைக்கிறது. முதல் மூன்றை நல்ல முதலாளி ஒருவர் மனமுவந்து கொடுத்துவிடலாம். போர்டும் அபேயும் கொடுத்தார்கள். நான்காவதைத் தனி மனிதரின் நல்ல மனம் தர முடியாது. அதைத் தருவது சங்கம். அந்தச் சங்கத்தைப் பலப்படுத்தும் வேலையோடு இந்த வகுப்பிலிருந்து கலைந்து செல்வோம்.